இருட்டுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள்

ஒரு நாவலைப் பற்றித் தமிழில் நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமா? கைக்கெட்டும் தூரத்தில் சில சொற்கள் தயாராக இருக்கின்றன: ‘உறைய வைக்கிறது’, ‘நெஞ்சைப் பிசைகிறது’, ‘தூங்க விடவில்லை’, ‘இருண்மை’. படித்து முடித்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்று வெளியீட்டு விழா மேடையில் ஒருவர் சொன்னால் கைதட்டு விழுகிறது. படிக்கும்போது விழுந்து விழுந்து சிரித்தேன் என்று இன்னொருவர் சொன்னால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளரே நெளிகிறார். தன் புத்தகத்தைத் தாழ்த்திவிட்டார்களோ என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இது வெறும் மேடைப் பழக்கம் என்று விட்டுவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது. எவ்வளவு இருட்டோ அவ்வளவு ஆழம் என்பது அந்தக் கொள்கை. அதைத் தாங்கி நிற்பவை மூன்று வாதங்கள். வாழ்க்கை இருண்டது, ஆகவே உண்மையான கதையும் இருண்டுதான் இருக்கும் என்பது முதலாவது. இன்பமும் சிரிப்பும் வணிகச் சரக்கு, துயரம் மட்டுமே விலைபோகாத பொருள் என்பது இரண்டாவது. துயரம்தான் வாசகனை உலுக்கி மாற்றும் என்பது மூன்றாவது. கேட்கும்போது மூன்றும் நியாயமாகத்தான் தோன்றுகின்றன. நம் அலமாரியிலேயே இருக்கும் புத்தகங்களை எடுத்துப் புரட்டினால் மூன்றும் நிற்பதில்லை.

முதலில், இந்தக் கொள்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது வீம்புக்கு வந்ததல்ல. வாராந்தரிகளில் தொடர்கதைகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் நடந்தாக வேண்டும், கெட்டவன் திருந்தியாக வேண்டும். இன்னொரு பக்கம் முற்போக்கு முகாம். அங்கே தொழிலாளி தோற்றாலும் கடைசிப் பக்கத்தில் கிழக்கு சிவந்தாக வேண்டும். 1933இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழின் வழிவந்தவர்களும், 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழைச் சுற்றிச் சேர்ந்தவர்களும் இந்த இரண்டு கட்டாயங்களையும் சகிக்காதவர்கள். பின்னால் காம்யுவும் காஃப்காவும் தமிழுக்கு வந்தார்கள், வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் காம்யுவின் ‘அந்நியன்’ 1980இல் வெளியானது. பொய்யான விடியலை மறுப்பது அன்று நேர்மையின் அடையாளமாக இருந்தது. காலப்போக்கில் நேர்மை நழுவிப்போய் அடையாளம் மட்டும் நின்றது. விடியலை மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அஸ்தமனத்தைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

இருண்ட கதைகளுக்கு உண்மையான ஈர்ப்பு உண்டு என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. தனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, இன்னொருவருக்கும் நடந்திருக்கிறது என்று சொல்லும் பக்கம் பெரிய துணை. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்ட விஷயத்தைக் கதை பேசுகிறது. சாகித்திய அகாதெமியின் 2020ஆம் ஆண்டு விருது பெற்ற இமையத்தின் ‘செல்லாத பணம்’ தீக்காயம்பட்ட ஒரு பெண்ணோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறது. அந்த வார்டின் வாசலில் காத்துக் கிடக்கும் குடும்பத்தோடு வாசகரும் காத்துக் கிடக்க வேண்டும். அதில் ஆறுதலான பக்கம் என்று எதையும் தேடி எடுக்க முடியாது, தேடவும் தோன்றாது. அங்கே இருட்டு தேவைப்பட்டதால் வந்திருக்கிறது. கேள்வி அந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றியதல்ல. இருட்டாக இருக்கிறது என்பதையே தகுதியாக எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடுவது சரியா என்பதே கேள்வி.

‘வாழ்க்கை இருண்டது, ஆகவே கதையும் இருண்டது’ என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம் சித்தூர்ச் சீமை. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பெரும்பகுதியைப் பிரித்து உருவாக்கிய மாவட்டம். அதன் தென்மேற்கு மூலையில், குப்பத்தை அடுத்த சாந்திபுரம் பக்கம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் புழங்கும். மழையை நம்பி நிலக்கடலை போட்டு, அது பொய்த்தால் ஆழ்துளைக் கிணற்றுக்குக் கடன் வாங்கி, அதுவும் பொய்த்தால் பெங்களூருக்கு ரயிலேறும் பூமி. ராயலசீமையின் வறட்சியைப் பற்றித் தனியாக யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கைதான் கதையின் நிறத்தைத் தீர்மானிக்கிறது என்றால், இந்த மண்ணிலிருந்து வருகிற கதைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டுமல்லவா?

இல்லை. மூன்று பேரை எடுத்துக்கொள்ளலாம். மூவரும் பழைய சித்தூர் மாவட்டத்துக்காரர்கள், மூவரும் தெலுங்கில் எழுதியவர்கள்.

டாக்டர் கேசவ ரெட்டி 1946இல் பிறந்து 2015இல் மறைந்தவர். புதுச்சேரியில் மருத்துவம் படித்து, நிஜாமாபாத் பக்கம் டிச்பள்ளி தொழுநோய் மருத்துவமனையில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அவருடைய நாவல் ஏ. ஜி. எத்திராஜுலுவின் மொழிபெயர்ப்பில் ‘அவன் காட்டை வென்றான்’ என்று தமிழில் வந்து, தீவிர வாசகர்களிடம் தனி மரியாதை பெற்றது. மதுராந்தகம் ராஜாராம் பள்ளிக்கூட வாத்தியார். 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சிறுகதைக்காரர். கிராமத்து மனிதர்களைக் குரல் உயர்த்தாமல், கனிவோடு, சிறு சிறு பெருந்தன்மைகளைக் கவனித்து எழுதியவர். திருப்பதிப் பக்கத்து மிட்டூர்க்காரரான நாமினி சுப்பிரமணியம் நாயுடு மூன்றாமவர். ‘மிட்டூரோடி புஸ்தகம்’ என்ற தொகுப்பும் ‘முனிகன்னடி சேத்யம்’ என்ற விவசாயியின் கதையும் அவர் பெயரை நிலைநாட்டின. பசி, கடன், காய்ந்த பயிர் எதற்கும் அவர் பக்கங்களில் குறைவில்லை. கூடவே வசவும் கேலியும் கெட்ட வார்த்தையும் கொச்சையும் பொங்கி வழிகின்றன. அவர் கதைகளில் தாய்மார்கள் பிள்ளைகளைத் திட்டும் திட்டுக்காகவே அவற்றைத் திரும்பப் படிக்கிறவர்கள் உண்டு.

மண் ஒன்று. வறட்சியும் ஒன்று. ஒருவர் கடுமையாக எழுதினார், ஒருவர் கனிவாக எழுதினார், ஒருவர் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். இந்த மூவரில் வாழ்க்கையைப் பார்த்தவர் ஒருவர்தான், மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று சொல்லச் சித்தூரில் ஒருவர்கூட முன்வர மாட்டார். துயரம் உலகத்தில் கிடக்கிறது என்பது உண்மை. அதை எந்தச் சுருதியில் சொல்வது என்பது எழுதுகிறவரின் தேர்வு. அந்தத் தேர்வை ‘யதார்த்தம்’ என்ற பெயரில் மறைப்பதுதான் முதல் வாதத்தின் தந்திரம்.

சரி, மூவரில் இருண்டவர் என்று பெயரெடுத்த கேசவ ரெட்டியையே எடுத்துக்கொள்ளலாம். ‘அவன் காட்டை வென்றான்’ கதை இவ்வளவுதான்: பன்றி வளர்க்கும் கிழவன் ஒருவன்; அவனுடைய சினைப்பன்றி பொழுது சாய்ந்தும் வீடு திரும்பவில்லை; ஈட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறான். குட்டி போட்ட தாய்ப்பன்றிக்கு இப்போது வளர்த்தவனும் எதிரி. 1952இல் வந்த ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலோடு இதை ஒப்பிடாத விமர்சகர் இல்லை. புகழ்ந்தவர்களில் பலர் புகழ்ந்தது அதன் தோல்வியை, அதன் தனிமையை, இரக்கமற்ற காட்டை. ஆனால் அந்த நாவல் பக்கம் பக்கமாக எதைப் பேசுகிறது? ஒரு கிழவனின் தொழில்ஞானத்தை. பன்றியின் குணம், அது எந்தப் புதரைத் தேடிப் போகும், எந்தச் சத்தத்துக்கு என்ன பொருள், ஈட்டியை எப்போது ஓங்க வேண்டும், எப்போது ஓங்கக் கூடாது. அந்த ஆளுக்கு அந்த மிருகத்தின்மேல் இருக்கும் பிரியமும், தன் வேலையில் இருக்கும் கர்வமும் வாசகருக்குள் இறங்கிய பிறகுதான் இழப்பு இழப்பாகிறது. பிரியத்தையும் கர்வத்தையும் உருவிவிட்டால் மிஞ்சுவது ஒரு கிழவன் இரவெல்லாம் அலைந்தான் என்ற தகவல் மட்டுமே. இருட்டைப் புகழ்ந்தவர்கள் விளைவைப் பார்த்தார்கள், அதை விளைவித்த உழைப்பைப் பார்க்கவில்லை.

துயரம் தனியாக வராது என்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் நன்றாகவே அறிவார்கள். சித்தூர் மாவட்டத்திலும் அதை ஒட்டிய பழைய வட ஆர்க்காட்டு ஊர்களிலும் தர்மராஜர் கோயில்களில், திரௌபதியம்மன் கோயில்களில் கோடைக்குக் கோடை பாரதம் நடக்கிறது. பகலில் கதை, இரவில் கூத்து. கடைசி நாள் படுகளத்தில் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கக் கிடத்தி, மீசையும் மார்பும் வரைந்து வைத்திருப்பார்கள்; ஊரே அதைச் சுற்றி நிற்கும். பீமன் வேடக்காரர் தொடையில் அடிக்க, சிவப்பு வழிய, திரௌபதி கூந்தல் முடிகிறாள். பெற்றவளின் ஒப்பாரி அதற்குப் பிறகு. காந்தாரி வேடம் கட்டியவர் துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு மாரடித்துக் கதறிக்கொண்டே சுற்றி நிற்கிறவர்களையும் நாலு சாத்து சாத்துவார். அடி வாங்கினால் நல்லது என்று முதுகைக் காட்டுகிறவர்களும் உண்டு, சிரித்துக்கொண்டே ஓடுகிறவர்களும் உண்டு. அதே நிமிடத்தில் இந்தப் பக்கம் ஒரு பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். நூறு பிள்ளைகளையும் பறிகொடுத்தவளின் அழுகையில் சிரிப்பு கலந்ததால் அந்த அழுகை மலிந்துவிட்டது என்று அந்தப் பாட்டியிடம் போய்ச் சொல்லிப் பார்க்கலாம். திரௌபதியின் துகிலை உரியும் இரவிலும் மேடை ஓரத்தில் கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் நின்றுகொண்டுதான் இருக்கிறான்.

தொல்காப்பியம் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலில் வருவது நகை. அழுகை அதற்கு அடுத்தது. ஒன்று உசத்தி, மற்றது மட்டம் என்று அங்கே தரவரிசை எதுவும் இல்லை.

இருட்டுக் கட்சியினர் இந்த இடத்தில் புதுமைப்பித்தனை அழைப்பார்கள். தன் கதைகளில் ஓடுவது நம்பிக்கை வறட்சி என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறாரே என்பார்கள். ஒத்துக்கொண்டார்தான். ‘பொன்னகரம்’, ‘துன்பக்கேணி’, ‘மகாமசானம்’ எல்லாம் அவர் எழுதியவையே. ஆனால் தமிழ் உரைநடையில் அவரைவிடப் பெரிய நையாண்டிக்காரர் யார்? கடவுளைச் சென்னைக்குக் கூட்டிவந்து, ஒரு சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க வைத்தவர் அவர். ‘மகாமசான’த்தில் மவுண்ட் ரோட்டு நடைபாதையில் ஒருவன் செத்துக்கொண்டிருக்கிறான், பக்கத்தில் ஒரு சிறு குழந்தை, மாம்பழம் வாங்கப் போன அப்பாவுக்காக நிற்கிறது. சாவு இன்னதென்று தெரியாத அந்தக் குழந்தையின் குறுகுறுப்பை எடுத்துவிட்டு, சாகிறவனை மட்டும் வைத்து அதே கதையை எழுதியிருந்தால் அது பத்திரிகைச் செய்தியாகியிருக்கும். ‘செல்லம்மாள்’ கதையிலும் அப்படித்தான். துணிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை நோயாளி மனைவிக்குச் செய்யும் பணிவிடையில் இருக்கும் ஈரம்தான் அந்தக் கதையின் கொடுமையைத் தாங்க முடியாததாக்குகிறது. அவரிடமிருந்து நம்பிக்கை வறட்சியை மட்டும் சீதனமாக வாங்கிக்கொண்டு, நக்கலையும் ஈரத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள்தான் பின்னால் வந்தவர்களில் பலர்.

காஃப்காவின் கதையும் வேறல்ல. ‘விசாரணை’யின் முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்கு அவர் வாசித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்ததையும், சிரிப்பு தாங்காமல் அவராலேயே தொடர்ந்து வாசிக்க முடியாமல் போனதையும் அவர் நண்பர் மாக்ஸ் பிராடு பதிவு செய்திருக்கிறார். ‘செர்ரிப் பழத் தோட்டம்’ நகைச்சுவை நாடகம் என்று செகாவ் சொல்லிக்கொண்டே இருந்தார். 1904இல் இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி அதைச் சோக நாடகமாக மேடையேற்ற, செகாவுக்குப் பிடிக்கவே இல்லை. எழுதியவர்கள் சிரித்த இடங்களில் படித்தவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வது உலகம் முழுக்க இருக்கும் நோய். தமிழுக்கு அதில் கொஞ்சம் முற்றிய நிலை, அவ்வளவே.

துயரம் விலைபோகாது என்ற இரண்டாவது வாதத்துக்கு வருவோம். இதைச் சொல்கிறவர்கள் தமிழ்ச் சினிமாக் கொட்டகைப் பக்கமே போகாதவர்களாக இருக்க வேண்டும். 1961இல் ‘பாசமலர்’ ஊரையே அழவைத்து ஓடியது. இரவு தொலைக்காட்சித் தொடர்கள் கண்ணீரை வாரத்துக்கு ஆறு நாள் விற்கின்றன. ‘அது மலிவான கண்ணீர், நாங்கள் சொல்வது கலைப்படங்களின் இருட்டு’ என்பார்களானால், அதற்கும் கணக்கு இருக்கிறது. 2007இல் ‘பருத்திவீர’னும் 2008இல் ‘சுப்பிரமணியபுர’மும் அதிரவைத்தன, நன்றாகவும் ஓடின. அதன்பின் மதுரைப் பக்கத்துக் கதை என்றால் லுங்கி, அரிவாள், துரோகம், கடைசி ரீலில் ரத்தம் என்று ஒரு வாய்பாடே பிறந்துவிட்டது. கல்யாணத்தில் முடிவது எப்படி ஒரு வாய்பாடோ அப்படியே கழுத்தறுப்பில் முடிவதும். வாய்பாட்டுக்கு இருட்டு, வெளிச்சம் என்ற பேதம் கிடையாது.

நாவல் ஒன்று திரைக்கு வந்த விதத்தைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ 2003இல் வந்தது. உடல் குறைபாடுள்ளவர்களை ‘உருப்படி’ என்று எண்ணி, விற்று வாங்கி, பிச்சையெடுக்க வைக்கும் தொழிலைப் பற்றிய நாவல். தமிழில் அதைவிட இருண்ட கதை சொல்வது கடினம். ஆனால் அந்த உருப்படிகள் ஓயாமல் பேசுகிறார்கள், ஒருவரையொருவர் வாருகிறார்கள், முதலாளியைக் கிண்டல் செய்கிறார்கள். வியாபாரி போத்திவேலு பண்டாரமோ பெண்பிள்ளைகள்மேல் உயிரை வைத்திருக்கும் தகப்பன், கல்யாணக் கவலையில் உருகுகிறவர், கோயிலுக்கும் தவறாதவர். முத்தம்மையின் குழந்தைகளை விற்றுத் தீர்ப்பதும் அதே கைதான். அந்த நாவலில் பயப்பட வைப்பது பண்டாரத்தின் பாசமே. அதைத் தழுவி 2009இல் பாலா எடுத்த ‘நான் கடவுள்’ சாதாரணப் படமல்ல. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் வாங்கியது. படத்தில் அந்தத் தொழிலை நடத்துகிறவன் பார்த்த மாத்திரத்தில் அரக்கன். அரக்கனைப் பார்த்து நமக்கு வருவது அருவருப்பு. பண்டாரத்தைப் பார்த்து வருவது, நம் வீட்டுக் கூடத்திலும் இப்படி ஒருவர் உட்கார்ந்திருக்கலாமே என்ற சந்தேகம். கறுப்பைக் கூட்டப் பாலா சாயத்தைக் கூட்டினார். நாவல் அதை ஒரு தகப்பனின் பிரியத்தால் சாதித்துவிட்டது.

மூன்றாவது வாதம்தான் கேட்கச் செம்மையானது: துயரம் வாசகனை மாற்றும். மாற்றுமா? முதல் கொடுமை உலுக்கும். பத்தாவது கொடுமைக்கு வாசகர் தயாராகிவிடுகிறார். இருபதாவதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். அதற்குள் கதையில் வருகிற ஏழை ஆளாக இல்லாமல் அடிவாங்கும் பொருளாகிவிடுகிறார். அடிவாங்குவதைத் தவிர அவருக்குக் கதையில் வேறு வேலை இல்லை. ஒரு ஆசை கிடையாது, ஒரு கெட்டிக்காரத்தனம் கிடையாது, பக்கத்து வீட்டுக்காரியின்மேல் ஒரு பொறாமைகூடக் கிடையாது. படித்து முடித்த நடுத்தர வர்க்க வாசகர் மனம் கனத்துப் புத்தகத்தை மூடுகிறார்; தனக்குக் கனக்கத் தெரிந்த மனம் இருக்கிறது என்ற திருப்தியோடு தூங்கப் போகிறார். தூங்க விடவில்லை என்பதெல்லாம் மேடைக்கு.

இதற்குப் பதில் தலித் எழுத்திலிருந்தே வந்தது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது பலர் அதைத் துயரச் சாசனமாக மட்டுமே படித்தார்கள். அது பாதிப் படிப்பு. அந்தப் புத்தகத்தில் விளையாட்டு இருக்கிறது, பட்டப்பெயர் வைக்கும் வேடிக்கை இருக்கிறது, தெருவின் தினவு இருக்கிறது. சாதிக் கலவரத்தையொட்டிப் போலீஸ் தெருவுக்குள் புகுந்து ஆண்களை வேட்டையாடும் பகுதியில், ஒளிந்திருக்கும் தகப்பன் ஒருவனுக்குச் சேலை கட்டிவிட்டு, அழும் பெண்களோடு பெண்ணாக நிறுத்தி, செத்துப்போன பிள்ளையை அடக்கம் செய்ய அழைத்து வருகிறார்கள் தெருக்காரர்கள். அதைத் துக்கம் என்பதா, சாமர்த்தியம் என்பதா, போலீசுக்குக் காட்டிய அழகு என்பதா? 1996இல் அவருடைய ‘கிசும்புக்காரன்’ தொகுப்பு வந்தது. தலைப்பே குறும்புக்காரன் என்கிறது. பண்ணையாரை வார்த்தையால் மடக்கும் கூலிக்காரர்களின் கதைகள் அவை. ஒடுக்கப்பட்டவர்களை அழுமூஞ்சிகளாகப் பார்த்துப் பழகிய வாசகருக்கு, அவர்கள் தன்னையும் சேர்த்து நக்கலடிக்கக்கூடும் என்று தெரிவதைவிடப் பெரிய உலுக்கல் எதுவும் இல்லை.

இதையெல்லாம் கேட்டு, ‘அப்படியானால் நம்பிக்கையூட்டும் இலக்கியம் வேண்டும் என்கிறீர்கள்’ என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கும் இங்கே இடமில்லை. பள்ளிப் பாடநூலுக்கு நீதிக்கதை கேட்கிறவரும், விருதுக்குப் பிணம் கேட்கிறவரும் கதைக்கு வெளியே நின்று முடிவை முன்கூட்டியே கேட்கிற ஆட்கள்தான். கதை எங்கே போய் நிற்கும் என்று எழுதத் தொடங்கும்முன் தெரிந்துவிட்டால் இருவருக்கும் ஆள் தேவையில்லை, அச்சு போதும்.

கடைசியாக ஒரு ஆட்சேபம் மிச்சம் இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் கனமானது. படுகொலையைப் பார்த்தவர்களிடம் போய்ச் சிரிப்பையும் ஈரத்தையும் கேட்பது அநாகரிகம் இல்லையா? 1983 ஜூலை 25, 27 தேதிகளில் இலங்கையின் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதை எழுதுகிறவரிடம் சுருதியைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்? கேட்கக் கூடாதுதான், கேட்கவும் தேவையில்லை. ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தியின் ‘ம்’ நாவலில் அந்தச் சிறையும் அந்தக் கொலைகளும் வருகின்றன. அதற்கு முன் 2001இல் வந்த ‘கொரில்லா’வில் இயக்கங்களும் அகதி வாழ்வும். இரண்டையும் எழுதிய பேனாவில் நக்கல் வற்றவே இல்லை. இயக்கத்தின் வீறாப்பையும், அகதி விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் பித்தலாட்டத்தையும், கதைசொல்லியின் பொய்யையும் அவர் விட்டுவைப்பதில்லை. தீவுப்பகுதிப் பேச்சில் வரும் அந்தக் கேலி வாசகரைத் தேற்றுவதற்காக வரவில்லை. சிரித்து வாய் மூடுவதற்குள் அடுத்த வரியில் ஒருவர் செத்திருப்பார். இருட்டுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் அவரையும் தங்கள் பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். அவர் கதையைப் பற்றி அடுத்தமுறை மேடையேறும்போது, எந்தெந்தப் பக்கத்தில் சிரித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லட்டும்.